காருக்கு ஒரு தனி சிம்

காரில் வைஃபை வேண்டும் என்று யாராவது கேட்டால், பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க, அதுக்கு எதுக்குத் தனியா செலவு?" ஷோரூமில் கேட்டால் டாப் மாடலைக் காட்டி, அதில் இன்டர்நெட் கூடவே வருகிறது என்பார்கள். ஆக்சசரீஸ் கடையில் கேட்டால் உள்ளங்கை அளவு பேட்டரி ரவுட்டர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். மூன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிய பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் இவை எதுவுமே சரியான பதில் அல்ல என்பது என் கட்சி. அவர்களுக்கு ஏற்றது, பேட்டரியே இல்லாத ஒரு சாதாரண யுஎஸ்பி வைஃபை டாங்கிள். அதற்குள் காருக்கென்றே ஒரு சிம். சாவியைத் திருப்பினால் உயிர் வந்து, சாவியை எடுத்தால் அணைந்துவிட வேண்டும். பார்க்க மலிவான, பழங்கால ஏற்பாடு போலத் தெரியும். ஏன் இதுவே மேல் என்று விளக்குகிறேன்.

முதலில் ஹாட்ஸ்பாட்டை எடுத்துக்கொள்வோம், அதுதான் பலமான எதிர்த்தரப்பு. காசு கூடுதலாக ஆகாது, கருவி தேவையில்லை. ஆனால் வசதி என்று எதைச் சொல்கிறோம்? காரில் ஏறி உட்கார்ந்ததும் யாரும் எதையும் தொடாமல் இணைப்பு தானாக வந்திருந்தால் அது வசதி. ஹாட்ஸ்பாட்டில் அது நடப்பதில்லை. எந்தக் கருவியும் இணையாமல் கொஞ்ச நேரம் இருந்தால் ஆண்ட்ராய்டு போன்கள் ஹாட்ஸ்பாட்டைத் தாமாகவே அணைத்துவிடும். ஐபோனோ ஹாட்ஸ்பாட் அமைப்புத் திரையைத் திறந்து வைத்தால்தான் சில சமயம் மற்றக் கருவிகளின் கண்ணுக்கே தெரியும். அமைப்புகளில் நுழைந்து இதையெல்லாம் மாற்றலாம், காரின் புளூடூத் இணைந்ததும் ஹாட்ஸ்பாட் எழும்படி சில போன்களில் ஏற்பாடும் செய்யலாம். அப்படிச் செய்தாலும் அடிப்படைக் கோளாறு தீராது: இணைப்பு காரில் இல்லை, ஒரு மனிதரின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் டீ குடிக்க இறங்கினால் இன்டர்நெட்டும் கூடவே இறங்கிவிடும். பின்சீட்டில் பாதிப் படத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நீங்கள்தான் சமாதானம் பேச வேண்டும். இரண்டு சிம் போட்ட பெரும்பாலான போன்களில் இன்னொரு சங்கடம் உண்டு. டேட்டா ஒரு சிம்மில் ஓடிக்கொண்டிருக்க, மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால், பேசி முடிக்கும்வரை டேட்டா நின்றுவிடும். இதில் சட்டமும் குறுக்கே வருகிறது. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு அபாயகரமான ஓட்டுதலில் சேர்க்கிறது; 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம் வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், விலக்குத் தருகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் "அப்பா, நெட் போயிடுச்சு" என்ற குரலுக்காகப் போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைத் தட்டுவது எந்த விலக்கிலும் வராது.

தனியாக அலுவலகம் போய்வருகிறவருக்கு இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அவர் போனை வைத்தே மேப், பாட்டு எல்லாம் முடிந்துவிடும். சொல்லப்போனால் வயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோ பயன்படுத்துகிறவருக்கு டாங்கிளால் பலனே இல்லை. ஏனென்றால் அந்த ஏற்பாட்டில் போன் தன் வைஃபையைக் கொண்டுதான் ஸ்டீரியோவோடு பேசுகிறது. ஸ்டீரியோவோடு கைகுலுக்கிக்கொண்டிருக்கும் அந்த வைஃபை, பெரும்பாலான போன்களில், அதே நேரத்தில் டாங்கிளோடும் சேர முடியாது. ஆக ஓட்டுகிறவரின் மேப் அவருடைய மொபைல் டேட்டாவில்தான் ஓடும். டாங்கிள் மற்றவர்களுக்கானது: பின்சீட்டில் லேப்டாப் திறந்து வேலை பார்ப்பவர், டேப்லெட் வைத்திருக்கும் பிள்ளைகள், ரீசார்ஜ் தீர்ந்துபோன பெரியவர். இவர்களோடு, நம் ஊரில் ஸ்விஃப்ட், எட்டியோஸ் போன்ற பழைய வண்டிகளில் பிற்பாடு மாட்டப்படும் ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றில் வைஃபை இருக்கும், சிம் போட இடம் இருக்காது. கூகுள் மேப்பும் யூடியூபும் திரையில் காத்திருக்க, இணைப்பு இல்லாமல் வெறும் ரேடியோவாக ஓடிக்கொண்டிருக்கும் இத்தகைய ஸ்டீரியோக்கள் ஏராளம்.

சரி, காரிலேயே கட்டிவரும் இணைய வசதி? 2014-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆன்ஸ்டார் சேவை வழியாக 4ஜி ஹாட்ஸ்பாட்டைச் சாதாரணக் கார்களுக்கும் கொண்டுவந்தது. இந்தியாவில் 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் இ-சிம்மோடு வந்தபோது 'இன்டர்நெட் கார்' என்ற விளம்பரம் ஊரெங்கும் பேசப்பட்டது. ஆனால் இந்த இ-சிம் முதன்மையாகக் கார் தன் நிறுவனத்தோடு பேசுவதற்கானது: வண்டி எங்கே நிற்கிறது, கதவு பூட்டியிருக்கிறதா, ஏறுவதற்கு முன்பே ஏசியைப் போடலாமா, விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது என்பவை. இயந்திரங்கள் தமக்குள் பேசும் இத்தகைய சிம்களுக்கு 2018-இல் தொலைத்தொடர்புத் துறை 13 இலக்க எண்களைத் தனியாக ஒதுக்கியது. அவை முன்கூட்டியே குறித்த முகவரிகளோடு மட்டும் பேச வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் விதித்தது. பயணிகள் படம் பார்ப்பதற்கு என்று அந்த ஏற்பாடு உருவாக்கப்படவில்லை. சில விலை உயர்ந்த கார்களில் பயணிகளுக்கான வைஃபையும் தருகிறார்கள், உண்மைதான். இலவசக் காலம் முடிந்த பிறகு சந்தா எவ்வளவு, எந்த நெட்வொர்க், உங்கள் ஊரில் அந்த நெட்வொர்க் எடுக்குமா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் வயது. தனிநபர் காரின் பதிவு நம் நாட்டில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகும் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் உண்டு. மொபைல் தொழில்நுட்பம் அவ்வளவு காலம் காத்திருக்காது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை மூடியபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கார்களில் அவசர உதவி அழைப்பு, தொலைவிலிருந்து பூட்டுவது போன்ற வசதிகள் ஒரே நாளில் செத்துப்போயின. எஞ்சினில் பழுதில்லை, டயரில் பழுதில்லை. உள்ளே இருந்த ரேடியோவுக்குப் பேச்சுத்துணை போய்விட்டது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடிவிட்டது. அதனால் காரையும் மோடத்தையும் ஒன்றாக வார்த்து வைப்பதை நான் புத்திசாலித்தனமாகக் கருதவில்லை. டாங்கிள் காலாவதியானால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று செருகலாம். காரை அப்படிச் செய்ய முடியுமா?

இடைவழியாக ஓபிடி கருவிகள் இருக்கின்றன. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் ஸ்கேனர் செருகும் இடத்தில் மாட்டுவது. 2023-இல் ஜியோ அறிமுகப்படுத்திய ஜியோமோட்டிவ் இந்த வகை. வண்டி இருக்குமிடம், எஞ்சின் நிலை ஆகியவற்றைக் காட்டி, வைஃபையும் தரும். நல்ல யோசனைதான். ஆனால் ஜியோ தவிர வேறு நிறுவனத்துக்கு இடமில்லை. மேலும் அந்த ஓபிடி சாக்கெட்டின் 16ஆவது பின்னுக்கு, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நல்ல கருவிகள் வண்டி நின்றதும் உறங்கிவிடும்படி செய்யப்பட்டவை. பெயரில்லாத மலிவுக் கருவிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வண்டியைக் கண்காணிக்க வேண்டும் என்பவர் வாங்கட்டும். வைஃபைக்காக மட்டும் என்றால் தேவையில்லை.

இனி அந்தப் பேட்டரி ரவுட்டர். வீட்டிலும் ரயிலிலும் அது நல்ல பண்டம். காரில் வைத்துவிட்டு மறந்துபோகும் பண்டம் அல்ல, அதிலும் நம் வெயிலில். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 38 டிகிரியையொட்டிய வெயிலில் நிறுத்திய கார்களில் ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது, உள்காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், சீட் 51 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதல்ல. அந்த எண்களை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாம். லித்தியம் அயன் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதற்கு மேல் அதன் ஆயுள் குறையும், வீங்கும், மோசமான நிலையில் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வெயிலில் நின்ற காரில் ஏறி, சாவியைத் திருப்பியதும், டேஷ்போர்டின் மேல் கிடக்கும் ரவுட்டர் 69 டிகிரியில் சார்ஜ் ஏற ஆரம்பிக்கிறது. வேண்டாத எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும் கணம் அது. "இறங்கும்போது கையோடு எடுத்துப்போகலாமே" என்பீர்கள். எடுத்துப்போகலாம். ஒவ்வொரு முறையும் நினைவாக எடுத்து, வீட்டில் சார்ஜ் போட்டு, மறுபடி நினைவாகக் கொண்டுவர வேண்டும்; ஹாட்ஸ்பாட்டில் எந்தத் தொல்லையிலிருந்து தப்ப நினைத்தோமோ அதையே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். டாங்கிளில் பேட்டரி கிடையாது. மின்சாரம் வந்தால் வேலை செய்யும், போனால் நிற்கும், சூட்டில் வீங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. என்றாலும் வெயில் நேராகப் படாத இடமே அதற்கும் நல்லது.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டீரியோவின் யுஎஸ்பி துளை பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் பழைய யுஎஸ்பி 2.0 துளைகள் அரை ஆம்பியர் தருவதற்கே வடிவமைக்கப்பட்டவை. சிக்னல் மங்கும்போது டாங்கிள் அதிகமாக மூச்சுப் பிடிக்கும்; அப்போது மின்சாரம் போதாமல் அணைந்து எழுந்துகொண்டே இருக்கும். நெட்வொர்க் சரியில்லை என்று நிறுவனத்தைத் திட்டுகிறவர்களில் ஒரு பங்கினர் உண்மையில் திட்ட வேண்டியது இந்தத் துளையை. சிகரெட் லைட்டர் பாயிண்டில் 2 ஆம்பியருக்கு மேல் தரும் நல்ல கார் சார்ஜரைப் போட்டு, அதில் செருகுவதே சரி. அந்தப் பாயிண்ட் சாவியோடு அணைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்த பிறகும் சார்ஜரின் சிறு விளக்கு எரிந்தால், அது எப்போதும் உயிரோடு இருக்கும் பாயிண்ட். கணக்கு எளிது: டாங்கிள் இரண்டரை வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் சுமார் 0.2 ஆம்பியர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்துக்கு 34. நம் சிறிய பெட்ரோல் கார்களில் பல 35 ஆம்பியர்-மணி பேட்டரியோடுதான் வருகின்றன. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வண்டியை விட்டுவிட்டு ஒரு வாரம் வெளிநாடு போய்வந்தால் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் அதுவும் முடியாது. அப்படிப்பட்ட பாயிண்ட் உள்ளவர்கள், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சாவியோடு வேலை செய்யும் வயரிலிருந்து ஃபியூஸ் போட்டு ஒரு யுஎஸ்பி துளை எடுத்துக்கொள்ளலாம். கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் வயரை வெட்டுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தனி சிம் என்றதும் வரும் முதல் ஆட்சேபம் இன்னொரு ரீசார்ஜ். நியாயமான ஆட்சேபம். ஆனால் அந்தக் காசுக்கு ஒரு பயன் கிடைக்கிறது, அதைப் பலர் வீணடிக்கிறார்கள்: வீட்டில் எல்லோரும் ஜியோ என்றால் காருக்கும் ஜியோவே வாங்குகிறார்கள். காருக்கு வேறு நிறுவனத்தின் சிம் வாங்க வேண்டும். ஒன்று எடுக்காத இடத்தில் மற்றது எடுக்கக்கூடும். வயர் இல்லாத ஆண்ட்ராய்டு ஆட்டோவில் இல்லாதவரை, மேப் பார்க்கும் போனுக்குச் சிக்னல் போனாலும் அது காரின் வைஃபையில் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு நிறுவனமும் எடுக்காத இடத்துக்கு எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியாது. வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ ஆங்காங்கே டவர் இல்லாமல் போனால், இல்லைதான். அங்கே கைகொடுப்பது முன்கூட்டியே போனில் இறக்கிவைத்த மேப். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதற்கு இன்டர்நெட் வேண்டாம். வரைபடம் போனில் இருந்தால் நீல நிறப் புள்ளி காட்டுக்குள்ளும் நகர்ந்துகொண்டே இருக்கும். வைஃபை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்துவைக்க வேண்டும்.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் 5ஜி. குறிப்பிட்ட திட்டங்களில் 5ஜி டேட்டாவுக்கு வரம்பே இல்லை என்று நிறுவனங்கள் தருகின்றன. அப்படியிருக்க 4ஜி டாங்கிளுக்கு எதற்குக் காசு? நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு இதற்கு என்னிடம் பதில் இல்லை, போனையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் ஊர்களுக்கு இடைப்பட்ட நெடுஞ்சாலையில் போன் அடிக்கடி 4ஜிக்கு இறங்குகிறது. இறங்கியதும் வரம்பில்லாதது போய்த் தினசரி ஒதுக்கீடு கரையத் தொடங்குகிறது. சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர், எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு நாலு மணி நேரம் சுமாரான தரத்தில், நொடிக்கு 1 மெகாபிட் அளவில், படம் பார்த்தால் மணிக்கு 450 எம்பி வீதம் மொத்தம் 3.6 ஜிபி. 2 ஜிபி ஒதுக்கீடு விழுப்புரம் தாண்டி எங்கோ தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். சாதாரணத் தரத்துப் பாட்டு ஓடவே 128 வேண்டும். அப்படி முடங்கிப்போவது ஓட்டுகிறவரின் போனாக இருந்தால் மேப்பின் போக்குவரத்துத் தகவல் முதல் யுபிஐ வரை எல்லாம் தடுமாறும். தனி சிம் இந்த இரண்டையும் பிரித்துவைக்கிறது: பிள்ளைகள் தங்கள் பங்கைத் தீர்த்தாலும் அப்பாவோ அம்மாவோ பெட்ரோல் பங்கில் பணம் கட்ட முடியும். என்னைக் கேட்டால் வேகத்தைவிட இதுதான் தனி இணைப்பின் உண்மையான ஆதாயம். போஸ்ட்பெய்டு குடும்பத் திட்டம் வைத்திருப்பவர்கள் கூடுதல் சிம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் தனி ரீசார்ஜ் தொல்லையும் இல்லை. ப்ரீபெய்டு என்றால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: திட்டம் முடியப்போகிறது என்ற குறுஞ்செய்தி டாங்கிளுக்குள்தான் போய் விழும், உங்கள் போனுக்கு வராது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. இந்த டாங்கிள்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்லோடு வருகின்றன. வைஃபை கடவுச்சொல்லையும் உள்ளே நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் யாரோ ஒருவரின் வீட்டு வைஃபை வழியாகத்தான் அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். சிம் உங்கள் பெயரில் இருக்கும்வரை அதன் வழியாகப் போவதெல்லாம் உங்கள் தலையில்தான் விடியும். வைஃபையின் பெயராகக் காரின் நம்பரையோ குடும்பப் பெயரையோ வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரரின் போனில் உங்கள் ஜாதகம் தெரிய வேண்டியதில்லை.

கடைக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '150 எம்பிபிஎஸ்' என்பதைப் பார்க்காதீர்கள். அது அந்த வகை மோடத்தின் ஏட்டளவு உச்சம், ஓடும் காரில் எவருக்கும் அது கிடைப்பதில்லை. பின்பக்கம் சிறிய எழுத்தில், எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்று சொல்லும் பேண்ட் எண்கள் இருக்கும், அவற்றைப் படியுங்கள். ஜியோ சிம் போடப்போகிறீர்கள் என்றால் 3, 5, 40. ஏர்டெல் என்றால் 1, 3, 8, 40. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே வந்து சேரும் சில டாங்கிள்களில் 5-ம் 40-ம் இருக்காது. 850, 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 5-ம் 8-ம்தான் தொலைவுக்கு எட்டுபவை; கிராமங்களுக்கு இடையே ஓடும் சாலையில் இணைப்பைப் பிடித்துவைப்பவை அவைதான். அந்த எண்கள் அச்சிடப்படாத பெட்டியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.